நிற ரத்துச் சோதனை: மானிட்டரில் ஏன் வெள்ளை வருவதில்லை?

கதிர்:
டோரதியா ஜேம்சன், லியோ ஹர்விச் தம்பதி 1955இல் வெளியிட்ட நிற ரத்துச் சோதனையை (ஒரு நிறத்தை அதன் எதிர்நிறம் கூட்டி மறையச் செய்து அளப்பது) எம்.எஸ்சி. உளவியல் ப்ராஜெக்டுக்காக மானிட்டரில் செய்கிறோம். ஆரஞ்சில் பச்சையைக் கூட்டி, வெள்ளை ஆனதும் நிறுத்தச் சொன்னால் ஆளுக்கொரு விடை. சிலருக்கு வெள்ளையே வருவதில்லை. எங்கே பிழை?

நித்யா:
வராதுதான். ஆரஞ்சில் சிவப்பும் மஞ்சளும் உண்டு. பச்சை சிவப்பை மட்டும் அடிக்கும், மஞ்சள் அப்படியே நிற்கும். "சிவப்பும் தெரியக்கூடாது, பச்சையும் தெரியக்கூடாது, மிச்சம் எதுவானாலும் சரி" என்று சொல்லுங்கள். ஜேம்சனும் ஹர்விச்சும் ரத்து செய்ய எடுத்தது 467 (நீலம்), 490 (பச்சை), 588 (மஞ்சள்), 700 (சிவப்பு) நானோமீட்டர் அலைநீள ஒளிகள். 700 சுத்தச் சிவப்பில்லை, லேசாக மஞ்சளடிக்கும். சிவப்பு-பச்சைக் கணக்கை அது கெடுக்காது. ஊதா முனையிலும் சிவப்பு தலைகாட்டும், அதையும் அடிக்கப் பச்சைதான் வேண்டும். மானிட்டரில் ஒற்றை அலைநீளம் கிடையாது, ஆகவே எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு ரத்து ஒளி வேண்டும் என்று அவர்கள் வரைந்த வளைவு அப்படியே வராது.

சேகர்:
கருவிப் பக்கமும் பாருங்கள். நைட் லைட், ஆட்டோ பிரைட்னஸ் இரண்டையும் அணையுங்கள். மானிட்டர் அரை மணி நேரம் ஓடிய பிறகு சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் காமாவையும் (கொடுக்கும் எண்ணுக்கு எவ்வளவு ஒளி வருகிறது என்ற தொடர்பு) தனித்தனியே அளந்து திருத்துங்கள். இல்லாவிட்டால் எண்ணை இரட்டித்தால் ஒளி இரண்டு மடங்காகாது. 57 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் 2 செ.மீ. வட்டம் கண்ணில் கிட்டத்தட்ட 2 டிகிரி கோணம். வட்டத்தை ஒரு விநாடி காட்டி, பிறகு சாம்பல் திரை. வெறித்துப் பார்க்க விட்டால் கண் சிவப்புக்குப் பழகி, இல்லாத பச்சை தெரியும். ஒரு சுற்று சிவப்புப் பக்கமிருந்து, அடுத்தது பச்சைப் பக்கமிருந்து, இரண்டின் சராசரி. முதலில் நிறக்குருடு கண்டுபிடிக்கும் இஷிஹாரா தட்டு காட்டிவிடுங்கள், அது அதிகம் வருவது ஆண்களுக்கு என்பதால் அவர்களுக்குக் கட்டாயம்.

கதிர்:
நிறுத்திய இடத்தில் மிஞ்சும் மஞ்சளையும் குறிக்கணுமா?

நித்யா:
அதை நீலம் கூட்டித் தனிச் சுற்றில் அளக்கணும். இன்னொன்று: "கூம்பு செல்களின் (விழித்திரையில் நிறம் உணரும் செல்கள்) எதிர்நிறம் நிரூபணமானது" என்று எழுதிவிடாதீர்கள். சோதனை அளப்பது நிறம் நமக்குத் தெரியும் தோற்றத்தை. மூளைக்குப் போகும் வழியிலுள்ள செல்கள் பிரித்துக் காட்டும் எதிர்நிற அச்சு, நாம் பார்க்கும் தூய சிவப்பு-பச்சையோடு பொருந்துவதில்லை.

மேற்கோளில் பெயர் வரிசையும் கவனம். 1955 கட்டுரையில் ஜேம்சன்தான் முதல் பெயர், 1957இல் ஹர்விச். வேலை கோடாக் ஆய்வகத்தில் நடந்தது. பின்னர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கணவர் பேராசிரியர். இருவரையும் ஆசிரியராக வைக்க விதி இடம் தராததால் ஜேம்சன் வெறும் ஆய்வாளர். பேராசிரியர் பதவி 1970களில்தான் வந்தது. "ஹர்விச்சும் அவர் மனைவியும்" என்று ரிப்போர்ட்டில் போட்டால் வைவாவில் திட்டு வாங்குவீர்கள்.