முழு மர வில் வாங்கலாமா? பழகியவர்கள் சொல்லுங்கள்
வணக்கம். இதுவரை ஃபைபர்கிளாஸ் ஒட்டிய ரிகர்வ் (முனைகள் முன்னோக்கி வளைந்த) வில்லில்தான் பழகியிருக்கிறேன். இப்போது ஒரே கட்டையில் செதுக்கிய ஹிக்கரி மர நீள வில் மேல் ஆசை. கையில் பிடித்தால் கனமே தெரியாது, எய்தால் சத்தமும் குறைவு. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த யூ மர வில்களைப் படத்தில் பார்த்ததிலிருந்து இந்தப் பைத்தியம் (அழகுக்காக வாங்கினால் தப்பா என்ன!).

தயக்கம் இதுதான். நாணேற்றியே வைத்தால் மரம் வளைந்தபடி நின்று இழுவிசை குறைந்துவிடும். ஈரப்பதம் கூடினால் தளரும், மிகவும் காய்ந்தால் ஒடியும். நான் 29 அங்குலம் இழுப்பேன்; 66 அங்குல வில் தாங்குமா, 70 பக்கம் போக வேண்டுமா?

அம்பு நேராகப் போக இந்த வில்லின் நடுவில் வெட்டு இல்லாததால், அது கைப்பிடியைச் சுற்றி நெளிந்துதான் போகும். 40 பவுண்டு இழுவிசை உள்ள வில்லுக்கு எவ்வளவு விறைப்பான மர அம்பு சரிவரும்? அப்புறம், ஏற்கெனவே வளைந்து நின்றுவிட்ட பழைய வில்லை நம்பி வாங்கலாமா?