ஜோடியை இழந்த முயலுக்கு நான் ஒருத்தி போதுமா?

பூளைவீடு எழுதியது:

எங்கள் மிளகு போய் இன்றோடு 18 நாள். கறுப்பு உடம்பு, மூக்கு நுனியில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு. 7 வயது. சிறுநீரகக் கோளாறு என்று கண்டுபிடித்து மூன்றே வாரத்தில் போய்விட்டான். 6 வருடம் அவனோடு ஒரே தட்டில் தின்று ஒரே மூலையில் படுத்த பூளை இப்போது தனியாக இருக்கிறாள். அவளுக்காகத்தான் கேட்கிறேன்.

முதல் நாலு நாள் வீடு முழுக்கத் தேடினாள். அலமாரிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், அவன் நீட்டிப் படுக்கும் குளியலறை வாசலில். ஒவ்வொரு இடத்திலும் பின்னங்காலில் எழுந்து நின்று மோந்து பார்த்தாள். அப்புறம் தேடுவதை நிறுத்திவிட்டாள். அவள் தேடியதைப் பார்த்ததைவிட நிறுத்தியதைப் பார்ப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இத்தனை வருடத்தில் பூளை என் பக்கம் அதிகம் வந்ததில்லை. மிளகுதான் என் ஆள். நான் தரையில் உட்கார்ந்தால் போதும், காலைச் சுற்றி வட்டமடிப்பான், மடியில் முன்னங்காலை வைத்து முகத்தைப் பார்ப்பான். பூளை மூன்றடி தள்ளி இருந்து எங்களைப் பார்ப்பாள். கையை நீட்டினால் நகர்ந்துவிடுவாள். அவளுக்கு மிளகு போதும், எனக்கும் மிளகு போதும் என்று இருந்துவிட்டோம்.

போன வாரம் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் மிளகு படுக்கும் இடத்தில் வெறுந்தரையில் படுத்திருந்தேன். பூளை வந்தாள். என் கைக்குப் பக்கத்தில் தலையைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, அப்படியே அசையாமல் இருந்தாள். உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன். நெற்றியைத் தடவினேன், கண் பாதி மூடியது. கையை எடுத்தால் மூக்கால் முட்டினாள். முக்கால் மணி நேரம் இருக்கும். அன்றிலிருந்து தினமும் வருகிறாள்.

உடனே இன்னொரு முயல் வாங்கிவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். முயல் கூட்டத்தோடு வாழ்கிற பிராணி என்பது எனக்கும் தெரியும். ஆனால் இவள் இப்போதுதான் என்னிடம் வந்திருக்கிறாள். நான் ஒருத்தி அவளுக்குப் போதுமா, இல்லை என் ஆசைக்காக அவளைத் தனியாக வைத்திருக்கிறேனா? மனம் நோகுமே என்று பார்க்காமல் சொல்லுங்கள்.

---

காய்ந்தபுல் எழுதியது:

அக்கா, மற்றதெல்லாம் அப்புறம். சரியாகத் தின்கிறாளா? புழுக்கை எப்போதும் போடுகிற அளவுக்குப் போடுகிறாளா? ஜோடி போன முயல் தீனியைக் குறைக்கும், தீனி குறைந்தால் குடல் ஓட்டம் மந்தமாகும், குடல் மந்தமானால் இன்னும் தின்னாது. அரை நாள் எதையும் தொடவில்லை என்றால் விடியட்டும் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் போங்கள். அதற்கு முன்னாலேயே புழுக்கை சிறுத்துப்போவது ஒரு அறிகுறி. சமையலறைத் தராசில் வாரம் இரண்டு முறை எடை போட்டுக் குறித்து வையுங்கள். வலியையும் பலவீனத்தையும் வெளியே காட்டாத பிராணி இது. முகத்தைப் பார்த்து நம்மால் கண்டுபிடிக்க முடியாது.

---

நீள்செவி எழுதியது:

உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். பூளை தலையைத் தாழ்த்தி வைத்தது நோய் இல்லை. இரண்டு முயல்கள் இருக்கும் இடத்தில் ஒன்று மற்றதன் முன்னால் தலையைத் தாழ்த்தினால் 'என்னை நக்கிவிடு' என்று அர்த்தம். 6 வருடம் அதை மிளகிடம் கேட்டிருப்பாள். இப்போது உங்களிடம் கேட்டிருக்கிறாள். நெற்றியில் தடவியது நல்லது. முயலுக்குப் பக்கமும் பின்னாலும் நன்றாகத் தெரியும், மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது தெரியாது. அதனால் கையை முகத்துக்கு நேராகக் கொண்டு போகாமல் பக்கத்தில் இருந்தே கொண்டு போங்கள். தடவும்போது பல்லை மெதுவாக உரசும் சத்தம் கேட்டால் சுகமாக இருக்கிறாள். உடம்பைக் குறுக்கிக்கொண்டு பல்லைச் சத்தமாகக் கடித்தால் அது வலி.

என் கதையைச் சொல்கிறேன். என்னிடம் இரண்டு பெண் முயல்கள் இருந்தன. ஒன்று இறந்த பத்தாவது நாளே இன்னொன்றைக் கொண்டுவந்துவிட்டேன். மீதி இருந்தவளின் தனிமை எனக்குப் பொறுக்கவில்லை. சரியாகச் சொன்னால், காலியான அந்த மூலையை என்னால் பார்க்க முடியவில்லை. புதியவளை நேராக அதே மூலையில் விட்டேன். அரை நிமிடம்கூட இல்லை. பழையவளின் காது கிழிந்தது, புதியவளின் முதுகில் கொத்தாக ரோமம் போனது. ஏற்கெனவே ஒருத்தியைத் தொலைத்திருந்தவள், அன்று தன் இடத்தையும் தொலைத்தாள். அதற்குப் பிறகு நான் அறைக்குள் வந்தாலே பின்னங்காலால் தரையை ஓங்கி அடிப்பாள். மறுபடி என் கையில் இருந்து ஒரு இலையை வாங்கித் தின்ன ஐந்து மாதம் ஆனது.

நீங்கள் போதுமா என்று கேட்டீர்கள். இப்போதைக்குப் போதும். எப்போதைக்கும் போதாது என்றுதான் நினைக்கிறேன். ராத்திரி மூன்று மணிக்கு உடம்போடு உடம்பு ஒட்டிப் படுக்க உங்களால் ஆகாது. கண் ஓரத்தில் காய்ந்த அழுக்கை நக்கி எடுக்க ஆகாது. இன்னொன்றும் இருக்கிறது. ஜோடியாக இருக்கும் முயல் தூங்கும்போது பக்கத்தில் இன்னொரு ஜோடிக் காது விழித்திருக்கும். இரையாகப் பிறந்த உயிருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

அதற்காக இன்றே கொண்டுவராதீர்கள். அவள் பழையபடி தின்னட்டும், காரணமில்லாமல் காற்றில் துள்ளித் திரும்பட்டும். அதன் பிறகு பாருங்கள். ஆண் முயல் என்றால் கருத்தடை செய்து சில வாரமாவது ஆகியிருக்க வேண்டும். முதலில் தனித்தனிக் கம்பித் தடுப்புக்குள் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள், படுக்கைத் துணிகளை மாற்றி மாற்றிப் போடுங்கள். முதல் சந்திப்பு பூளையின் வாசனை இல்லாத அறையில் நடக்கட்டும். வாரக்கணக்கில் ஆகலாம்.

ஒன்று கேட்கலாமா? மிளகின் உடம்பை அவள் பார்த்தாளா?

---

தரைமேசை எழுதியது:

நீள்செவி சொன்னதை மறுக்கவில்லை. ஆனாலும் எல்லா முயலுக்கும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். என்னுடைய முயல் ஜோடியை இழந்தபோது அவனுக்கு 9 வயது, பின்னங்கால் மூட்டுகள் தேய்ந்திருந்தன. புதிய முயல் ஒன்று மேலே ஏறித் துரத்தினால் அவன் தாங்க மாட்டான். அதனால் நானே இருந்துவிட்டேன். மேசை, நாற்காலியை எடுத்துவிட்டுத் தரையில் பலகை போட்டு வேலை பார்த்தேன். விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான் முயல் சுறுசுறுப்பாக இருக்கும் என்பதால் ஐந்து மணிக்கு எழப் பழகிக்கொண்டேன். இரண்டு வருடம் என் தொடையை ஒட்டியே படுத்திருந்தான். உங்கள் பூளைக்கு என்ன வயது, உடம்பு எப்படி என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

---

பூளைவீடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பூளைக்கு 6 வயது ஆகிவிட்டது, கால்கள் திடமாக இருக்கின்றன. முன்பு 1 கிலோ 850 கிராம், நேற்றுப் போட்டபோது 1 கிலோ 790. புழுக்கை நன்றாகவே போடுகிறாள்.

நீள்செவி, அவள் பார்க்கவில்லை. மிளகு மருத்துவமனையில் இறந்தான், நேராகக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டோம். அவளுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கூடையோடு வெளியே போனவன் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

---

நீள்செவி எழுதியது:

உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். இறந்த ஜோடியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் விட்டால் சில முயல்கள் மோந்து பார்த்து, நக்கிவிட்டு, தானாக விலகிவிடும், தேடுவது குறையும். அதனால்தான் கேட்டேன். அவனுக்குத் தொற்றுநோய் எதுவும் இல்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தால், அவன் வாசனை உள்ள துணி ஏதாவது துவைக்காமல் இருந்தால் அவளிடம் போடுங்கள்.

---

பூளைவீடு எழுதியது:

கூடையில் விரித்திருந்த துண்டு அப்படியே இருந்தது. கூடையைத் திறக்கவே எனக்குத் தைரியம் இல்லாமல் வைத்திருந்தேன். இன்று சாயங்காலம் திறந்து அந்தத் துண்டைத் தரையில் விரித்தேன்.

நாலைந்து முறை சுற்றி வந்தாள். நாலு ஓரத்தையும் மோந்தாள், மோவாயை வைத்துத் தேய்த்தாள். ஒரு மூலையைப் பல்லால் இழுத்து மடித்தாள். அப்புறம் பக்கவாட்டில் தொப்பென்று சாய்ந்து, காலை நீட்டிப் படுத்துவிட்டாள். மிளகு போன பிறகு அவள் அப்படி விழுந்து படுத்து இன்றுதான் பார்க்கிறேன்.

இன்னொரு முயல் பற்றிக் கொஞ்ச மாதம் கழித்துப் பேசலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டுதான் இதைத் தட்டுகிறேன். தூங்குகிறாள், மூக்கு மட்டும் அசைகிறது. ஞாயிற்றுக்கிழமை எடை போட்டுவிட்டு எழுதுகிறேன்.