வீடற்றவர்களின் பெயர்ப்பட்டியலை நகராண்மைக் கழகத்திடம் எந்த அளவுக்குக் கொடுக்கலாம்?

கேள்வி (சுங்கை சிப்புட், பேராக்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கோயில் குழு சில ஆண்டுகளாகப் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் பழைய கடைவரிசையின் ஐந்தடி நடைபாதையிலும் படுத்துறங்குபவர்களுக்கு இரவு உணவு கொடுத்து வருகிறது. அவர்களில் பலர் தோட்டத்திலேயே பிறந்து, ரப்பர் பால் வெட்டி, செம்பனைக் குலை அறுத்து முதிர்ந்தவர்கள். தோட்டம் கைமாறி வேலை போனபோது தோட்டம் கொடுத்த லயத்து வீடும் சேர்ந்தே போய்விட்டது. யார் வந்தார், யாருக்குக் காலில் புண், யாருக்கு அடையாளக் கார்டு இல்லை என்பதையெல்லாம் ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதி, அண்மையில் அதைக் கணினியிலும் ஏற்றியிருக்கிறோம்.

நகராண்மைக் கழக அதிகாரி ஒருவர் இப்போது அந்தப் பட்டியலை முழுமையாகக் கேட்கிறார். அவர் நல்ல மனத்தோடுதான் கேட்கிறார். சமூகநல இலாகாவின் உதவித்தொகைக்கும் தற்காலிகத் தங்குமிடத்துக்கும் பரிந்துரைக்க அது உதவும் என்கிறார். எங்களுக்கும் அவர்களிடமிருந்து ஒன்று தேவைப்படுகிறது: யாருக்கு ஏற்கெனவே விண்ணப்பம் போடப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால், ஒரே முதியவரைக் கோயில் குழுவும் தேவாலயக் குழுவும் கட்சிக் கிளையும் தனித்தனியாக அழைத்துச் சென்று மூன்று பாரங்கள் நிரப்ப வேண்டியிராது. ஆனால் பட்டியலில் உள்ள சிலரிடம் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாளக் கார்டுதான் இருக்கிறது. சிலரிடம் பிறப்புப் பத்திரமே இல்லை. கொடுத்த பட்டியல் பிறகு யார் கைக்குப் போகும் என்பது எங்களுக்கு விளங்கவில்லை. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையோம்.

பதில் (ஈப்போ, சட்ட உதவிப் பணியில் இருப்பவர்)

வணக்கம் ஐயா. முதலில் சட்டம் உங்களுக்கு எவ்வளவு துணை நிற்கும் என்பதைப் பார்க்க வேண்டும். அது மிகக் குறைவு. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கு மட்டுமே பொருந்தும்; மத்திய அரசையும் மாநில அரசுகளையும் அது கட்டுப்படுத்தாது. கோயில் குழு இலவசமாகச் சோறு போடுவது வணிகம் ஆகாது என்பதால், உங்கள் கணக்குப் புத்தகம் அந்தச் சட்டத்தின் காவலுக்கு வெளியே நிற்கிறது. 2025 ஏப்ரல் 28 முதல் நடைமுறைக்கு வந்த தரவுப் பகிர்வுச் சட்டமோ மத்திய அரசின் இலாகாக்கள் தங்களுக்குள் தகவலைப் பகிர்ந்துகொள்வதற்கானது. சமூகநல இலாகாவும் தேசியப் பதிவிலாகாவும் அதன் வழியே பேசிக்கொள்ள முடியும். மாநில அரசின் கீழ் இயங்கும் நகராண்மைக் கழகமும் உங்கள் குழுவும் அந்த ஏற்பாட்டுக்குள் வருவதில்லை. ஆகவே உங்களுக்கும் கழகத்துக்கும் இடையில் நீங்களே எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம்தான் அந்த மனிதர்களுக்குக் கிடைக்கப்போகும் ஒரே பாதுகாப்பு.

அதைவிடக் கவலைக்குரியது 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம். உள்ளூராட்சி எழுத்துமூலம் அதிகாரம் கொடுத்த அதிகாரியோ சமூகநல அதிகாரியோ, ஆதரவற்றவர் என்று தாம் கருதும் ஒருவரைப் பொறுப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த அந்தச் சட்டம் இடமளிக்கிறது. அவரை நல்வாழ்வு இல்லத்தில் தங்க வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அந்தத் தங்கல் ஆண்டுக்கணக்கில் நீளக் கூடும். உதவிக்காகக் கொடுத்த பெயரும் படுக்கும் இடமும் பிடித்துச் செல்வதற்கான பட்டியலாக மாற ஒரே ஓர் அதிகாரியின் இடமாற்றம் போதும். இன்று கேட்பவர் நல்லவர் என்பதை நான் ஐயப்படவில்லை. ஆனால் அவர் மாற்றலாகிப் போவார், கோப்பு அலுவலகத்திலேயே இருக்கும்.

எனவே ஒப்பந்தத்தில், இந்தத் தகவல் உதவிக்குப் பரிந்துரைக்க மட்டுமே, அமலாக்கப் பிரிவுக்கோ குடிநுழைவு இலாகாவுக்கோ கொடுக்கப்படாது, குறித்த காலத்துக்குப் பின் அழிக்கப்படும் என்ற மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். அவற்றுக்குக் கையெழுத்திடக் கழகம் தயங்கினால், எண்ணிக்கையை மட்டும் கொடுத்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

பதில் (லண்டனில் வசிப்பவர், தைப்பிங்கில் பிறந்தவர்)

எண்ணிக்கை மட்டும் என்றாலும் சற்று நின்று யோசிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். லண்டனில் தெருவில் உறங்குபவர்களைப் பற்றிய ‘செயின்’ என்ற கூட்டுத் தகவல் தொகுப்பு உண்டு. பெருநகர ஆட்சிமன்றம் பணம் கொடுக்க, ஓர் அறநிறுவனம் அதை நடத்துகிறது. களப்பணிக் குழுக்கள் எல்லாம் அதில் பதிகின்றன. ஒரு பணியாளர் நேற்று இரவு சந்தித்தவரை இன்னொருவர் இன்று மருத்துவரிடம் அழைத்துச் செல்ல முடிவது அதனால்தான். அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே தொகுப்பிலிருந்து, எந்தப் பகுதியில் எந்த நாட்டவர் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்ற விவரம் உள்துறை அமைச்சுக்குச் சென்றது 2017இல் வெளியாயிற்று. அதில் பெயர்கள் இல்லை. இருந்தும், தெருவில் உறங்கிய ஐரோப்பியக் குடிமக்களை நாட்டைவிட்டு அனுப்பும் நடவடிக்கைக்கு அது பயன்பட்டது. அந்த நடவடிக்கையே சட்டத்துக்குப் புறம்பானது என்று உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதற்குள் பலர் இழக்க வேண்டியதை இழந்துவிட்டார்கள். ‘அடையாளக் கார்டு இல்லாதோர், பேருந்து நிலையம், நான்கு பேர்’ என்று எழுதினால், சுங்கை சிப்புட்டில் அந்த நால்வரும் யார் என்று தேநீர்க் கடைக்காரருக்கே தெரிந்துவிடும்.

அமெரிக்கர்களிடம் எடுத்துக்கொள்ளத்தக்கவை சில உள்ளன. அங்கு வீட்டுவசதி அமைச்சு 2004இல் வீடற்றோர் தகவல் தொகுப்புக்கான பொது விதிகளை வெளியிட்டது. அதன் படிவத்தில் ‘பதில் சொல்ல விரும்பவில்லை’ என்பதும் முறையான ஒரு பதில். கணவனின் அடிதடிக்கு அஞ்சி ஓடி வந்த பெண்களுக்கு உதவும் அமைப்புகள் அந்தப் பொதுத் தொகுப்பில் எதையும் பதியவே கூடாது என்று சட்டம் தடுக்கிறது. அவை தனியாக ஒரு தொகுப்பை வைத்துக்கொண்டு மொத்தக் கணக்கை மட்டும் கொடுக்கின்றன. உங்கள் பட்டியலில் அப்படிப்பட்ட பெண் ஒருவர் இருந்தாலும் அவரை இன்றே தனியே பிரித்துவிடுங்கள். கலிஃபோர்னியா 2017இல் நிறைவேற்றிய சட்டம் ஒன்று, மாவட்ட நிர்வாகமும் வெளி அமைப்புகளும் சேர்ந்த குழு ஒருவரின் இரகசியத் தகவலைத் தங்களுக்குள் பேசிக்கொள்ள அனுமதிக்கிறது. அந்தக் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் ஒரே இரகசியக் காப்புக் கடமைக்கு உட்பட்டவர். பட்டியலை அனுப்பிவிடுவதைவிட, ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசும் அந்த முறை நம் சிற்றூர்களுக்கு மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பதில் (ஓய்வுபெற்ற தோட்டப்பள்ளி ஆசிரியை)

தம்பி, நீங்கள் கணினியில் ஏற்றிய பட்டியலின் பத்திகளை (நெடுவரிசைகளை) ஒவ்வொன்றாகப் பாருங்கள். அடையாளக் கார்டு எண்ணை வெறும் எண் என்று நினைக்க வேண்டாம். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், நம் பேராக்குக்கு 08; கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதைக் கொண்டு ஆணா பெண்ணா என்றும் சொல்லிவிடலாம். கடைசி நான்கு எண்களை மறைத்துவிட்டோம் என்று நிம்மதி அடைபவர்கள் பிறந்த தேதியையும் ஊரையும் அப்படியே திறந்து வைத்திருக்கிறார்கள்.

பெயரைக் கொண்டு இரு பட்டியல்களை ஒப்பிடலாம் என்றும் நம்பாதீர்கள். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஒரு விதமாக எழுதினார், பதிவிலாகா வேறு விதமாக எழுதியது, மருத்துவமனை அட்டையில் இன்னொரு விதம். முனியாண்டி என்ற ஒரே பெயரை மலாய் எழுத்தில் நான்கு விதமாக எழுதி வைத்திருந்த மாணவர்களின் தந்தையரை நான் அறிவேன். தந்தை பெயரும் அப்படியே மாறும். கணினி அவர்களை வெவ்வேறு ஆட்களாக எண்ணும், அல்லது இரண்டு முனியாண்டிகளை ஒருவராக்கி, ஒருவருக்கு வர வேண்டிய உதவியை ‘ஏற்கெனவே பெற்றவர்’ என்று நிறுத்திவிடும். மனிதரை நேரில் கண்டவர் ஒருவர் சரிபார்க்காமல் எந்த ஒப்பீட்டையும் ஏற்கக் கூடாது.

பிறகு அந்தக் ‘குறிப்பு’ப் பத்தி. அதில் நம் பிள்ளைகள் ‘குடிகாரர்’, ‘சிறை சென்றவர்’, ‘காசநோய்’ என்று எழுதியிருப்பார்கள். நல்ல நினைப்பில் எழுதியிருந்தாலும், பெற்ற மகளுக்குக்கூடத் தெரியாததை அரசாங்க அலுவலகத்து மேசையில் கொண்டுபோய் வைக்க நமக்கு உரிமை இல்லை. அந்தப் பத்தி எங்கும் போகக் கூடாது, கழகத்துக்கும் சரி, உங்கள் வாட்ஸாப் குழுவுக்கும் சரி. உண்மையில் வாட்ஸாப்பில் பெரியவர்களின் அடையாளக் கார்டைப் படம் பிடித்துப் போடும் வழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். கழகத்திடம் ஒழுங்கு கேட்பதற்கு முன் அது நம் கடமை.

ஒப்புதல் கேட்கும்போது சோற்றுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். பசித்தவர் எதற்கும் தலையாட்டுவார். சாப்பிட்டு முடித்த பின், உட்கார்ந்து, தமிழில் படித்துக் காட்டி, வேண்டாம் என்றாலும் நாளை சோறு உண்டு என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அதிகாரியிடம் பேசினோம். பட்டியலைக் கொடுப்பதற்குப் பதிலாக மாதம் ஒரு முறை சமூகநல அதிகாரியையும் வைத்துக்கொண்டு, ஒப்புதல் தந்தவர்களைப் பற்றி மட்டும் பேசலாம் என்று முன்வைத்தோம். அவர் மறுக்கவில்லை, மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகக் கூறினார். எங்கள் பக்கம் குறிப்புப் பத்தியை நீக்கிவிட்டோம், அடையாளக் கார்டு எண்களை எடுத்துவிட்டு எங்களுக்குள் மட்டும் வழங்கும் வரிசை எண் கொடுத்திருக்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் ஒப்புதலை எப்படிப் பெறுவது என்பது மட்டும் இன்னும் தெளியவில்லை.

பதில் (ஈப்போ, சட்ட உதவிப் பணியில் இருப்பவர்)

கட்டைவிரல் ரேகை போதும், ஐயா. ஆனால் உங்கள் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் உடனிருந்து, படித்துக் காட்டப்பட்டது என்று கையெழுத்திட வேண்டும். தேதி கட்டாயம். அந்த ஒப்புதல் ஆறு மாதத்துக்கு மட்டும் என்று எழுதிவிடுங்கள். மறுபடி கேட்கும் வேலை கூடும் என்றாலும், மனம் மாறியவர் விலகிக்கொள்ள அப்போதுதான் வழி இருக்கும். கழகத்தின் பதில் எழுத்தில் வந்ததும் இங்கே பதியுங்கள், ஒப்பந்த வரைவை மலாயில் எழுதித் தருகிறேன்.