சி நிரலில் 11 வார்னிங், மறைப்பது எப்படி? அவசரம்

வடுவூர்_பையன்: தண்ணீர் மட்டம் வரம்பைத் தாண்டினால் வயல் மோட்டாரை நிறுத்த சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். கம்பைல் ஆகிறது, ஆனால் 11 வார்னிங். மொத்தமாக மறைக்க வழி சொல்லுங்கள். ராத்திரி த்ரீ பேஸ் கரண்ட் வருவதற்குள் போர்டில் ஏற்ற வேண்டும்.

கல்லணை_சி: எந்தக் கம்பைலர்? என்ன போர்டு? வார்னிங்கை அப்படியே ஒட்டுங்கள்.

குறுவை82: கட்டளையில் மைனஸ் போட்டு சின்ன டபிள்யூ சேருங்கள். எல்லாம் அடங்கிவிடும். எனக்குப் பத்து வருடமாக அதுதான்.

பழைய_யுனிக்ஸ்: பத்து வருடமா, பேஷ். தம்பி, ஜிசிசி கையேடு என்று ஒன்று இருப்பதாவது தெரியுமா?

வடுவூர்_பையன்: ஜிசிசி, இஎஸ்பி32. பத்து, பயன்படுத்தாத மாறிகள். இன்னொன்று, அன்சைன்டை (மைனஸ் இல்லாத எண் வகை) >= 0 என்று ஒப்பிட்டால் எப்போதும் உண்மை என்கிறது. வரி: வைல் (வரம்பு - மட்டம் >= 0). இரண்டும் அன்சைன்ட் இன்ட். மோட்டாரும் நிற்க மாட்டேன் என்கிறது, அது வேறு விஷயம்.

நாற்றங்கால்: சென்சார் ஒயரில் ஈரம் இறங்கியிருக்கும். எனக்கும் போன சம்பாவில் இதே கதை.

கல்லணை_சி: ஒயர் நனைந்தால் கம்பைலர் ஏன் கத்தப்போகிறது? வேறு விஷயமும் இல்லை, அதேதான். வரம்பு 5 செ.மீ., மட்டம் 7 என்றால் விடை -2 வராது, 4294967294 வரும். அன்சைன்ட் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அப்புறம் மோட்டார் எப்படி நிற்கும்? கழிக்காமல் 'மட்டம் < வரம்பு' என்று நேராக ஒப்பிடுங்கள். இந்த வார்னிங், கட்டளையில் டபிள்யூ-எக்ஸ்ட்ரா (-Wextra, கூடுதல் வார்னிங் கேட்பது) இருப்பதால்தான் கண்ணில் பட்டது. டபிள்யூ-ஆல் (-Wall) மட்டும் போட்டால் இதைச் சொல்லாது. தேவையில்லாத மாறிகளை அழித்துவிடுங்கள். மறைத்தே ஆக வேண்டும் என்றால் பிராக்மாவில் (நிரலுக்குள்ளேயே கம்பைலருக்குச் சொல்லும் வரி) புஷ், பாப் போட்டு அந்த இடத்தில் மட்டும் மறையுங்கள்.

குறுவை82: ஜூன் 12 மேட்டூர் திறந்தால் மோட்டாரே எதற்கு?

நாற்றங்கால்: நீங்கள் தலைமடை, பேசுவீர்கள். கடைமடைக்கு வந்து பாருங்கள், திறந்த அன்றைக்கே வாய்க்காலில் ஓடுகிறதா என்று.

குறுவை82: தூர் வாராதது என் தப்பா?

பழைய_யுனிக்ஸ்: இது சி இழை. பாசன இழை வேறு.

நாற்றங்கால்: ஒயரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், தம்பி.

வடுவூர்_பையன்: மாற்றினேன், நிற்கிறது. நன்றி அண்ணா. நேற்று வரப்பு உடைந்ததற்கு எலி வளைதான் காரணம் என்று அப்பா மண்வெட்டியோடு அலைகிறார். இன்னும் சொல்லவில்லை.