"ஹூ" போட்ட வாக்கியத்தில் "ஆஃபன்" எந்த வினையோடு சேரும்?

வரிவாசகன்:

வணக்கம். ஒரு ஆங்கில வாக்கியத்தை வைத்துக் காலையிலிருந்து அலுவலகத்தில் வாக்குவாதம். வாக்கியம் இதுதான்: "சில்ட்ரன் ஹூ ரீட் ஆஃபன் ரைட் வெல்." 'அடிக்கடி வாசிக்கிற குழந்தைகள் நன்றாக எழுதுகிறார்கள்' என்று நான் எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் இருப்பவர், இல்லை, 'வாசிக்கிற குழந்தைகள் பெரும்பாலும் நன்றாக எழுதுகிறார்கள்' என்கிறார். போகட்டும் என்று விட்டுவிடலாம்தான், ஆனால் இது ஒரு ஆய்வறிக்கையின் சுருக்கத்தில் வருகிறது. நான் சொல்கிற பொருளில் குழந்தைகள் கூட்டம் சின்னது, அவர் சொல்கிற பொருளில் எப்போதாவது புத்தகத்தைத் தொடுகிற பிள்ளையும் அதில் சேர்ந்துவிடும். யார் சொல்வது சரி? "ரீட்" அல்லது "ஆஃபன்" பக்கத்தில் ஒரு கமா போட்டால் தீர்ந்துவிடுமா?

இலக்கணத்தச்சன்:

இரண்டு பேர் சொல்வதும் சரி, வாக்கியம்தான் தப்பு. "ஆஃபன்" அங்கே மதில்மேல் பூனை. அதற்கு இடப்பக்கம் "ரீட்", வலப்பக்கம் "ரைட்", எந்தப் பக்கம் குதித்தாலும் ஆங்கில இலக்கணம் தடுக்காது. நடை நூல்களில் இதை ஸ்குவின்டிங் மாடிஃபையர் என்பார்கள்.

"ஆஃபன்" வந்தால் பொருள் கொஞ்சம் நகர்கிறது, அவ்வளவுதான். "ரேர்லி" வந்தால் பொருள் தலைகீழாகிவிடும். "ஸ்டூடண்ட்ஸ் ஹூ ஸ்டடி ரேர்லி ஃபெயில்" என்று எழுதிப் பாருங்கள். படிக்கிறவர்கள் தோற்பது அபூர்வம் என்று பாராட்டுகிறோமா, அபூர்வமாகப் படிக்கிறவர்கள் தோற்றுவிடுவார்கள் என்று எச்சரிக்கிறோமா? வாயால் சொன்னால் மூச்சு விடும் இடத்தை வைத்துக் கேட்பவருக்குப் புரிந்துவிடும், எழுத்தில் அந்த மூச்சு இல்லை.

கமா உதவாது. "ஹூ ரீட்" என்ற துண்டு எந்தக் குழந்தைகள் என்று அடையாளம் காட்டுகிறது, அதோடு சேர்ந்துதான் அது முழு எழுவாய். எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவில் ஒற்றைக் கமா போடுவதை எந்த ஆங்கில எடிட்டரும் அடித்துவிடுவார். பேசாமல் இடத்தை மாற்றுங்கள். கூட்டத்தைச் சுருக்கத்தான் அந்தச் சொல் என்றால் "ஹூ"வுக்கும் வினைக்கும் நடுவில் வையுங்கள்: "சில்ட்ரன் ஹூ ஆஃபன் ரீட் ரைட் வெல்." கூட்டம் என்ன செய்கிறது என்று சொல்லத்தான் என்றால் "சில்ட்ரன் ஹூ ரீட் டெண்ட் டு ரைட் வெல்" என்று முடித்துவிடலாம், "ஆஃபன்" வேண்டியதே இல்லை.

"ஆர்" மாதிரி பீ வினை இருந்தால் "ஆஃபன்" அதற்குப் பின்னால் வரும்: "பீப்பிள் ஹூ ஆர் ஆஃபன் லேட்." துணைவினை இருந்தாலும் அப்படித்தான்: "பீப்பிள் ஹூ ஹேவ் நெவர் ஃப்ளோன்." ஒரு ஆறுதல், "ஆல்வேஸ்", "நெவர்" இரண்டும் சாதாரணமாக வினைக்குப் பின்னால் போய் நிற்காது. "பீப்பிள் ஹூ ஸ்மைல் நெவர் கம்ப்ளெய்ன்" என்றால் "நெவர்" வலப்பக்கம்தான் சேரும், சண்டைக்கு இடமில்லை.

சொல்லேருழவி:

தமிழில் இந்தத் தலைவலியே கிடையாது. 'அடிக்கடி வாசிக்கிற' என்று பெயரெச்சத்துக்கு முன்னால் வைத்துவிட்டால் முடிந்தது.

இலக்கணத்தச்சன்:

கிடையாதா? 'சில சமயம் அதிகம் பேசுகிறவர்கள் உளறுவார்கள்.' சில சமயம் பேசுகிறார்களா, சில சமயம் உளறுகிறார்களா? தமிழிலும் பூனை உண்டு, அது வாக்கியத்தின் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது.

பாதிப்பட்டதாரி:

மேலே சொன்ன எல்லாம் சரி, ஆனால் ஒன்று விட்டுப்போனது. "பீப்பிள் ஹூ ஆர் டால் ஆஃபன் ஹேவ் டால் பேரண்ட்ஸ்" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். அமைப்பு அதேதான், "ஆஃபன்" அதே நடு இடத்தில்தான் நிற்கிறது, இருந்தும் யாருக்கும் குழப்பம் வராது. ஏனென்றால் உயரமாக இருப்பது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. திங்கட்கிழமை உயரம், செவ்வாய்க்கிழமை குள்ளம் என்று யாரும் இருப்பதில்லை, அதனால் "ஆஃபன்" வேறு வழியில்லாமல் வலப்பக்கம் போய்விடுகிறது. "டால்" இருந்த இடத்தில் "ஸிக்" போட்டுப் பாருங்கள்: "சில்ட்ரன் ஹூ ஆர் ஸிக் ஆஃபன் மிஸ் ஸ்கூல்." பழைய குழப்பம் உடனே திரும்பி வந்துவிடும், நோய் வந்து வந்து போகிறது அல்லவா. ஆளோடு ஒட்டியே இருக்கும் குணத்தையும் வந்துபோகிற நிலையையும் இப்படிப் பிரித்துக் காட்டியது மொழியியலாளர் கிரெக் கார்ல்சன், 1977இல் வந்த அவருடைய முனைவர் பட்ட ஆய்வில்.

இன்னொன்று, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். அந்த உயரமானவர்கள் வாக்கியத்தில் "ஆஃபன்" எதை எண்ணுகிறது? நேரத்தையா? ஒருவருக்கு அடிக்கடி உயரமான பெற்றோர் இருந்து, நடுநடுவே இல்லாமல் போவார்களா என்ன. அது எண்ணுவது ஆட்களை, 'உயரமானவர்களில் நிறைய பேருக்கு' என்றுதான் அர்த்தம். தத்துவவாதி டேவிட் லூயிஸ் 1975இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்: "ஆல்வேஸ்", "யூஷுவலி", "ஆஃபன்" போன்றவை எப்போதும் நேரத்தைத்தான் அளக்கும் என்று நினைக்காதீர்கள், அவை எண்ணுவது நேர்வுகளை என்று. இதை வைத்துக் கேள்வி கேட்டவரின் வாக்கியத்துக்கு வந்தால், "ஆஃபன்" வலப்பக்கம் போனாலும் அங்கே இன்னொரு பிளவு இருக்கிறது. வாசிக்கிற குழந்தைகளில் பல பேர் நன்றாக எழுதுகிறார்களா, அல்லது ஒவ்வொரு குழந்தையும் பல தடவை நன்றாக எழுதுகிறதா? அலுவலகச் சண்டையில் மூன்றாவது கட்சிக்கும் இடம் இருக்கிறது.

கமாக்கள்ளன்:

தலைப்பைப் பார்த்து "வேர்", "வென்" என்ற ரிலேட்டிவ் அட்வெர்ப் பற்றியோ என்று வந்தேன். வந்ததற்கு ஒன்று: ஆட்களைச் சொல்லும்போது "வேர்" வராது என்று பள்ளியில் சொல்வார்கள், ஆனால் "ஃபேமிலீஸ் வேர் போத் பேரண்ட்ஸ் வொர்க்" என்று சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள். குடும்பம், ஜோடி போன்ற கூட்டுக்குத்தான் இது பொருந்தும், "பீப்பிள் வேர்" என்று யாரும் எழுத மாட்டார்கள். கறாரான எடிட்டர் "இன் விச்" என்று மாற்றுவார்.

தரவுத்தோழி:

அறிக்கை என்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் "ஆஃபன்" என்பது எவ்வளவு என்று வாசிப்பவருக்குத் தெரியப்போவதில்லை. வாரம் ஒரு தடவையா, தினமுமா? கணக்கெடுப்பு வேலையில் இருப்பவர்கள் இந்தச் சொற்களை அப்படியே விடமாட்டார்கள், வரையறை வைப்பார்கள். அமெரிக்காவின் தேசிய உடல்நல நேர்காணல் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் "நெவர் ஸ்மோக்கர்" என்ற பிரிவில், வாழ்நாளில் 100 சிகரெட்டைத் தொடாத பெரியவர்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள். ஆர்வக்கோளாறில் நாலைந்து இழுத்துப் பார்த்தவரும் அங்கே "நெவர்"தான். "கரண்ட் ஸ்மோக்கர்" என்றால் குறைந்தது 100 பிடித்தவர், இப்போது தினமும் அல்லது சில நாட்களில் பிடிப்பவர். அதாவது "ஹூ ஹேவ் நெவர் ஸ்மோக்ட்" என்ற துண்டை அகராதியை வைத்துப் படித்தால் ஒரு கூட்டம், அந்தக் கணக்கெடுப்பின் வரையறையை வைத்துப் படித்தால் வேறு கூட்டம்.

ஆகவே மூல அட்டவணையைத் தேடிப் பாருங்கள். குழந்தைகளை எப்படிப் பிரித்தார்கள் என்று அங்கே இருக்கும். "சில்ட்ரன் ஹூ ரீட் எவ்ரி டே" மாதிரி ஏதாவது கிடைத்தால் அதையே சுருக்கத்திலும் போடுங்கள், இலக்கணச் சண்டையே தேவைப்படாது. இடம் குறைவு என்றால் பெயரடைக்கு மாறலாம், "ஃப்ரீக்வன்ட் ரீடர்ஸ் ரைட் வெல்" என்பதில் "ஃப்ரீக்வன்ட்" வினைப் பக்கம் நழுவ வழியே இல்லை.

வரிவாசகன்:

எல்லோருக்கும் நன்றி. அட்டவணையைப் பார்த்தேன், குழந்தைகளை 'வாரத்தில் பெரும்பாலான நாட்கள் வாசிப்பவர்கள்', 'மற்றவர்கள்' என்றுதான் பிரித்திருக்கிறார்கள். அதனால் இந்த முறை என் பக்கம் வெற்றி, "ஆஃபன்" என்பதைத் தூக்கிவிட்டு நாட்களையே எழுதப்போகிறேன். இன்னும் ஒரு வரி உறுத்துகிறது: "நர்ஸஸ், ஹூ ஆஃபன் வொர்க் நைட்ஸ், ஸ்லீப் லெஸ்." இதில் "ஆஃபன்" சரியான இடத்தில்தானே இருக்கிறது?

இலக்கணத்தச்சன்:

"ஆஃபன்" சரி, கமாக்கள்தான் பிரச்சினை. இரண்டு கமாவும் இருந்தால் அந்தத் துண்டு கூட்டத்தைச் சுருக்காது, ஒட்டுமொத்த நர்ஸ்களைப் பற்றிய உபரித் தகவல் ஆகிவிடும்: எல்லா நர்ஸ்களுக்கும் தூக்கம் குறைவு, போகிறபோக்கில் அவர்கள் அடிக்கடி இரவுப்பணி செய்பவர்கள் என்றும் சொல்கிறோம். இரவுப்பணிக்காரர்களுக்கு மட்டும் தூக்கம் குறைவு என்றால் இரண்டையும் எடுங்கள். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு இன்னொன்றை விட்டுவிடாதீர்கள், நிறைய பேர் அங்கேதான் சறுக்குவார்கள்.

தரவுத்தோழி:

கமாவை எடுக்கும் முன் இதற்கும் அட்டவணையைப் பார்த்துவிடுங்கள் சார். பகல் பணி நர்ஸ்களைத் தனியாக எண்ணியிருக்கிறார்களா என்று.