களர் நிலமும் ஐம்பது லாரிக் கழிவுநீரும்

மணிகண்டத்தான்:
"சோடியம் மிகுந்த களர் நிலத்தைத் திருத்த எரிசாராய ஆலைக் கழிவுநீர் இருக்கும்போது, காசு கொடுத்து ஜிப்சம் என்னும் கால்சியம் உப்பை வாங்குகிறவன் ஏமாளி" என்று நேற்று எழுதிய வயல்வெளி அவர்களுக்கு இந்த ஏமாளியின் வணக்கம். வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை எக்டேருக்கு 5 லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் லாரி என்றால் 50 நடை. டிராக்டர் திரும்பவே வரப்பை வெட்ட வேண்டிய என் வண்டிப்பாதையில் அந்த 50 லாரியும் எப்படி வரும் என்பதைத் தாங்கள் எழுதவில்லையே?

வயல்வெளி:
கோடையில் ஒரே ஒருமுறை பாய்ச்சுவதற்கு இத்தனை புலம்பலா? கழிவுநீரின் அமிலம் மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்க, கரைந்த கால்சியம் களிமண்ணைப் பற்றியிருக்கும் சோடியத்தை விரட்டுகிறது. போதாததற்குப் பொட்டாஷும் இலவசம். ஆறு வாரம் ஆறப்போட்டு, நல்ல நீர் கட்டி இரண்டு மூன்று முறை வடித்துவிட்டு நட்டேன். மழையில் கூழாகவும் வெயிலில் ஏர் இறங்காத பாறையாகவும் கிடந்த மண் இன்று கையில் பொலபொலவென்று உதிர்கிறது.

உவர்க்காடு:
இருவரும் எந்த நிலத்தைச் சொல்கிறீர்கள்? கார அமில நிலை (pH) 8.5க்கு மேலும், களிமண் பற்றியிருக்கும் அயனிகளில் சோடியம் 15 சதவீதத்துக்கு மேலும் இருந்தால்தான் களர். என்னுடையது கரையும் உப்பு மிகுந்த உவர் நிலம். அதில் இதைக் கொட்டினால் கழிவுநீரில் இருக்கும் உப்பும் சேர்ந்துகொள்ளும்.

மணிகண்டத்தான்:
வரையறையைப் பிறகு பார்க்கலாம், முதலில் 50 லாரிக்கு வழி சொல்லட்டும். "வடித்துவிட்டு" என்கிறாரே, எங்கே வடித்தார்? கடைமடையில் இருப்பவன் தலையில்தானே? நான் ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டைப் பசுந்தாள் உரமாக மடக்கி உழுதேன். அதற்கு ஒரு லாரிகூடத் தேவைப்படவில்லை.

வயல்வெளி:
ஜிப்சம் தலையில் சுமந்தா வந்தது? திருச்சி 1 என்ற நெல் ரகத்தை நட்டால் மண்ணைத் திருத்தவே வேண்டாம் என்று போன ஆண்டு இங்கே முழங்கியவரும் தாங்கள்தானே?

மணிகண்டத்தான்:
களரைத் தாங்கும் ரகம் என்றுதான் எழுதினேன், திருத்த வேண்டாம் என்று எழுதவில்லை. பழைய பதிவைத் தேடிப் படியுங்கள்.

உவர்க்காடு:
ஜிப்சத்தில் ஒரு வகையான பாஸ்போ ஜிப்சமும் உர ஆலைக் கழிவுதான். அந்த வகையில் இருவரும் ஒரே கட்சி.

மணிகண்டத்தான்:
அது மூட்டையில் வரும், லாரிக்கணக்கில் ஒழுகிக்கொண்டு வராது. எங்கள் ஊரில் ஒருவர் ஆலை கொடுத்த தைரியத்தில் அளவில்லாமல் பாய்ச்சியதில் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் தேநீர் நிறமானது.

வயல்வெளி:
அளவில்லாமல் பாய்ச்சியவர் மேல் குற்றமா, கழிவுநீர் மேலா?

மணிகண்டத்தான்:
இன்னும் என் 50 லாரிக்குப் பதில் வரவில்லை.