கம்பஸின் முதல் கிழமைகளில் உங்களுக்குக் கைகொடுத்தது எது?

வற்றாப்பளைக்காரி:
எங்கள் வீட்டிலிருந்து கம்பஸ் போன முதல் ஆள் நான். பம்பைமடுவில் சேர்ந்தபோது அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம். 2021 ஆகஸ்டில்தான் தனிப் பல்கலைக்கழகமானது. ஏஎல் (உயர்தரம்) முழுக்கத் தமிழில் படித்த எனக்கு அங்கே விரிவுரை, பரீட்சை எல்லாம் ஆங்கிலம். அறிமுக வாரத்து மேடைப் பேச்சுகள் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. ஒரு பின்னேர வகுப்பு மட்டும் நிற்கிறது.

விரிவுரையாளர் கொஞ்ச நேரம் ஆங்கிலத்தில் பாடம் எடுத்து, எங்களைக் குறிப்பெடுக்கச் சொன்னார். பிறகு கொப்பிகளை வாங்கிப் பார்த்தார். ரியூசனில் சொல்லச் சொல்ல எழுதிப் பழகிய கை அல்லவா, அநேகமாக எல்லாருடைய கொப்பியும் மூன்றாம் வசனத்தோடு நின்றிருந்தது. அவர் தன் குறிப்பைப் பலகையில் எழுதிக் காட்டினார்: ஆறேழு சொற்கள், இரண்டு அம்புக்குறி, விளங்காத இடத்தில் ஒரு கேள்விக்குறி. "அந்தக் கேள்விக்குறியோட என்ர அறைக்கு வாங்கோ" என்றார். நான் போனேன். அன்றைக்குப் போயிராவிட்டால் முதல் வருடத்தோடு வீட்டுக்குத் திரும்பியிருப்பேன்.

மாங்குளத்தான்:
அக்கா, நான் கிளிநொச்சி அறிவியல் நகர், பொறியியல் பீடம். எங்களை மொழி பாராமல் சிறு குழுக்களாகக் கலந்துவிட்டார்கள். என் குழுவில் மாத்தறைப் பெடியன் ஒருவன். ஜிபிஏ (சராசரித் தரப்புள்ளி) கணக்கை எனக்கு விளங்கப்படுத்தியவன் அவன்தான்: பாடத்தின் தரப்புள்ளியை அதன் கிரெடிட்டால், அதாவது அந்தப் பாடத்தின் பளுவைக் காட்டும் எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். கிரெடிட் கூடிய பாடத்தில் சறுக்கினால் அடி பலம் என்று அப்போதுதான் பிடிபட்டது. சந்தைக்குப் போனால் அவனுக்காகத் தமிழ் பேசுவது நான்.

பூநகரி மகள்:
நான் படித்த இடத்தின் பெயர் வேண்டாம். பகிடிவதை பற்றி அறிமுக நாளில் ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்கள். அது 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம், சிறைக்கும் அனுப்பலாம் என்று யாரும் சொல்லவில்லை. யாரிடம் முறையிடுவது என்றும் தெரியாது. விடுதியில் அழுதுகொண்டிருந்த பிள்ளைகளை இப்போதும் நினைக்கிறேன்.

இன்னொன்று. அமெரிக்காவில் தென் கரோலினாப் பல்கலைக்கழகம் 1972 முதல் புது மாணவருக்கான இந்த அறிமுகத்தை ஒரு பாடமாகவே, சிறு வகுப்புகளில், தவணை முழுக்க நடத்துகிறது. எங்களுக்கோ சிக்கல் தொடங்கும் முன்பே அறிமுகம் முடிந்துவிடும். முதல் அசைன்மென்ட் வரும்போதுதான் பிள்ளை தடுமாறுகிறது. அந்தக் கிழமையில் பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள் வேண்டும். தம்பி தங்கைகள் போகிற கம்பஸில் இதைக் கேளுங்கோ.